முனிக்குக் கொண்டுபோன தண்ணீர்

என் தம்பி குமரா, சொல்லாமல் கிளம்பிப் போவதையே வழக்கமாக வைத்திருந்த திருட்டுப் பயலே,

உன் முதல் வருஷத் திவசத்துக்குப் பத்திரிகையில் படம் போட்டு, கீழே நாலு வரி கண்ணீர்க் கவிதை போடலாம் என்று உன் பெண்டாட்டி மல்லிகா சொன்னாள். அந்தக் கவிதை செத்தவர்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்தது. பேரை மட்டும்தான் மாற்றுவார்கள். என் தம்பிக்கு அது வேண்டாம், கடலுக்குப் போய்வந்து நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். போய்வந்து இரண்டு வாரமாகிறது. இன்று காலை உன் பெண்டாட்டி பேனாவை என் கையில் திணித்து, "எழுதுறேன்னு சொன்னீங்கள்ல அண்ணி, எழுதுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள்.

அதனால் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படிக்கட்டும். நம் வீட்டில் மறைக்க என்ன இருக்கிறது?

உட்கார்ந்து எழுதத்தான் முடியவில்லை. மேசைக்கு அடியில் கால் தானாக மிதிக்கிறது. தொழிற்சாலையில் சல்லடை முன்னால் நின்றாலும் இதே கதைதான். "ஆட்டம் போடாத சிவகாமி, தேயிலை சிந்துது" என்று கங்காணி கத்துகிறார். உன்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளில் மல்லிகா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஓரிடத்தில் இருக்கத் தெரியாது என்று. அவள் சொன்னது சரிதான்.

இங்கே செய்தி கேட்டால், மழை அதே மழை. பிரிஞ்சாங் ஊரில் சனிக்கிழமை ரோடு ஜாம் அதே ஜாம். உன் காய்கறி லோரியை இப்போது ஒரு புதுப் பையன் ஓட்டுகிறான். வளைவில் ஹாரன் அடிக்காமல் வருகிறான், ஒருநாள் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான். உன் சைக்கிளை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். கேட்காமல்தான் எடுத்தேன். நீ மட்டும் என்ன கேட்டுக்கொண்டா போனாய்?

வாரம் முழுக்க லோரியில் கீழே இறங்கி ஏறுகிறவன், ஞாயிற்றுக்கிழமையும் அதே ரோட்டில் சைக்கிளில் இறங்கி ஏறினால் அவனை என்னவென்று சொல்வது? நான் பைத்தியம் என்று சொன்னேன். ஈப்போவில் யாரோ ஓட்டிக் கழித்த ரேஸ் சைக்கிளை வாங்கிவந்து, குழந்தையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருப்பாய். அந்த மெல்லிய டயரைப் பார்த்து, இது உன்னைத் தாங்குமாடா என்று நான் கேலி செய்வேன். தாங்கியது குமரா. சைக்கிள் நன்றாகத்தான் தாங்கியது. உன் நெஞ்சுதான் ஒரு நாள் காலையில், கோசுக் கூடையைத் தூக்கப் போன இடத்தில், தாங்காமல் போனது.

உன் கருமாதி அன்றுதான் மல்லிகா அந்த விஷயத்தைச் சொன்னாள்.

என் வயிற்றில் கட்டி என்று ஈப்போவில் ஆபரேஷன் நடந்தபோது, நீ வெளியே நாற்காலியில் உட்கார்ந்து நேர்ந்துகொண்டாயாம். "முனியாண்டி, எங்கக்கா எழுந்து நடந்தா, எங்க மலைத் தண்ணிய சைக்கிள்லயே கொண்டாந்து உன் கால்ல ஊத்துறேன்." நான் எழுந்தேன், நடந்தேன். திரும்ப வேலைக்கும் போனேன். நீ மட்டும் மழை நிற்கட்டும், கோசு சீசன் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன்டா சொல்லவில்லை?

அந்த முனியாண்டி எந்த முனியாண்டி என்று எனக்குத் தெரியும். கடலோரத்தில், பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துக்குள் இருக்கிற நம் குலதெய்வம். நம் பாட்டனாருக்கு அப்பா கப்பலில் வந்து முதலில் இறங்கியது அந்தச் சேற்றில்தான். சதுப்பில் வாய்க்கால் வெட்டித் தென்னை வைத்தவர்களில் அவர் ஒருவர். பிறகு மலையில் தேயிலை போட ஆள் எடுத்தபோது, முனி கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து மடியில் கட்டிக்கொண்டு ஏறினார். அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் நம் லய வீடுகளுக்குப் பின்னால், ஓடைக்கரையில், சின்ன முனி நிற்கிறார். மண் அங்கிருந்து இங்கே வந்தது. தண்ணீர் இங்கிருந்து அங்கே போக வேண்டும் என்று நீ நினைத்தாய். உன் மூளைக்கு அது நல்ல யோசனைதான்.

ஆனால் நீ நேர்ந்ததைச் செய்யாமல் போய்விட்டாய். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. கருமாதிப் பந்தலிலேயே கடைசி லயத்து அத்தை ஆரம்பித்துவிட்டாள்.

"நேந்தத செய்யாம வச்சிக்கிட்டே இருந்தா சாமி சும்மா இருக்குமா? அக்கா உசுர விட்டுச்சு, தம்பிய எடுத்துக்கிச்சு. கணக்கு நேராப் போச்சு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் என் காதில் விழுகிற மாதிரி மெதுவாக. நான் கையில் இருந்த இலையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மல்லிகாவும் அதைக் கேட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாங்கள் ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒன்றாகச் சாப்பிட்டோம், அந்த ஒரு பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

என்னால் நிம்மதியாக இருக்க முடியாமல் போனது அன்றிலிருந்துதான். நன்றாகச் சாப்பிட்டால், இது அவன் சாப்பாடு என்று தோன்றும். இருமல் வந்து தானாகச் சரியானால், இது அவன் ஆயுசு என்று தோன்றும். உன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற மாதிரி உன் உயிரைப் போட்டுக்கொண்டு திரிகிறேனா? யாரிடம் போய் இதைக் கேட்பது? ஐயரிடம் கேட்டால் பரிகாரம் சொல்வார். டாக்டரிடம் கேட்டால் சிரிப்பார்.

நேர்ந்தவன் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிறவர்கள் தீர்க்க வேண்டும். அதுதானே வழக்கம்? சொந்தக்காரர்கள் சுலபமான வழி சொன்னார்கள். "கார்ல போயி, தேங்காய ஒடைச்சி, தண்ணிய ஊத்திட்டு வந்துடலாம்லா. சாமிக்குத் தெரியாதா?" கல்யாணமாகிப் போனவளுக்குப் பிறந்த வீட்டுச் சாமி எதற்கு என்றும் ஒருவர் கேட்டார். என் பேரைச் சொல்லித்தானே அவன் நேர்ந்தான், சைக்கிள் என்றுதானே சொன்னான் என்று நான் கத்திவிட்டேன். என் வீட்டுக்காரர், உன் மாமா மட்டும் எழுந்து போய் உன் சைக்கிளுக்குக் காற்றடித்தார். அந்த மனுஷனுக்கு அவ்வளவுதான் பேச்சு.

வருஷம் திரும்பும்வரை குலதெய்வத்திடம் போகக் கூடாது என்பதால், அந்த வருஷம் முழுக்க ஓட்டிப் பழகினேன். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் பாருக்குள் காலை விட்டு ஓட்டியவள்தானே நான். உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். தொழிற்சாலைத் திடலில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவேன். "அக்கா, சொல்லாம விட்டுறாத, சொல்லிட்டு விடு" என்று அழுவாய். அதே திடலில் ஐம்பது வயதில் உன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நான் வட்டம் அடித்தேன். லயமே வெளியே வந்து சிரித்தது. பிறகு தானா ராத்தா, பிறகு பிரிஞ்சாங், கடைசியில் கம்போங் ராஜாவரை போய்வந்தேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

திவசம் முடிந்த வாரத்தில் ஒரு வியாழக்கிழமை விடிந்ததும் ஓடையில் தண்ணீர் மொண்டேன். செம்பில் கொண்டுபோனால் சைக்கிளில் நிற்காது. உன் சைக்கிளில் இருக்கிற இரண்டு பாட்டிலில் ஒன்றில் முனிக்கு, ஒன்றில் எனக்கு. முனியின் பாட்டில் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினேன். தாப்பா ரோடு முழுக்க இறக்கம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போனது. ஒவ்வொரு வளைவிலும் உன் பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டே இறங்கினேன். உண்மையைச் சொல்லட்டுமா? நன்றாக இருந்தது. உனக்கு அந்தப் பைத்தியம் எதற்காகப் பிடித்தது என்று அன்று புரிந்தது.

அன்று ராத்திரி தெலுக் இந்தானில் மல்லிகாவின் தங்கை வீட்டில் தங்கினேன். மறுநாள் மல்லிகா பொங்கல் சாமானோடு வேனில் முன்னால் கோயிலுக்குப் போய்விட்டாள். கூட வேன் வந்தால் அது நேர்த்தி இல்லை என்று நான்தான் விரட்டினேன். அந்த வீறாப்புக்குத்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நம் மலைக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் பயம் கிடையாது. ஏறினால் இறங்கலாம், இறங்கும்போது கால் சும்மா இருக்கும். சமவெளியை நாம் அலட்சியமாக நினைப்போம். குமரா, கீழே இறக்கமே இல்லையடா! மிதித்தால்தான் நகரும். இரண்டு பக்கமும் தென்னை, வாய்க்கால், அதைத் தாண்டி நிப்பா பனையும் அலையாத்திக் காடும். ரோடு அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி நேராகப் போகிறது. எதிரே கடல் காற்று. எவ்வளவு மிதித்தாலும் அதே தென்னை, அதே கொக்கு. ஓய்வே இல்லாத இந்த ஊரில்தான் நம் பாட்டனாரின் அப்பா வாய்க்கால் வெட்டினார் என்று நினைத்துப் பார்த்தேன். மனுஷன் ஏன் மலைக்கு ஓடிவந்தார் என்று அப்போது விளங்கியது.

அதோடு நான் ஒரு தப்பும் செய்தேன். மலையில் நமக்குத் தாகம் எடுக்காது இல்லையா? குளிரில் ஒரு பாட்டில் நாள் முழுக்க வரும். அதே கணக்கில் ஊத்தான் மெலிந்தாங் ஊரில் அத்தனை கடையையும் தாண்டி, அரை பாட்டில் இருக்கிறதே என்று நிற்காமல் வந்துவிட்டேன். கடலோரக் கரைமேட்டு ரோட்டில் ஏறிய கொஞ்ச நேரத்தில் அது தீர்ந்துபோனது. அன்று வெள்ளிக்கிழமை. தொழுகை நேரம். ரோட்டோரத்தில் இருந்த இரண்டு இளநீர்க் கடையும் பலகை போட்டு மூடியிருந்தன. வீடுகள் எல்லாம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

மதகு ஒன்றுக்குப் பக்கத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கீழே சேற்றில் மீன்குஞ்சு மாதிரி ஏதோ தத்தித் தத்திப் போனது. வேர்வைகூட வரவில்லை, உடம்பு காய்ந்துவிட்டது. போனை எடுத்தால் அதில் எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மஞ்சள் கயிறு கட்டின பாட்டில் கிடக்கிறது.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நன்றாக யோசித்தேன். இதைக் குடித்தால் ஒரு வருஷ உழைப்பு போச்சு, உன் வாக்கு இரண்டாவது தடவையும் போச்சு. குடிக்காமல் இங்கேயே விழுந்தால்? மல்லிகா அங்கே பொங்கலை இறக்கி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு வருஷத்தில் இரண்டு பிணத்தை அவள் எப்படி எடுப்பாள்?

குடித்துவிட்டேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். நம் ஓடைத் தண்ணீர், அந்த வெயிலிலும் தொண்டையில் சில்லென்று இறங்கியது. பிறகு உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு கொக்கு பயந்து பறந்துபோனது.

கொஞ்ச நேரத்தில் தெம்பு வந்தது. காலிப் பாட்டிலோடு கோயில்வரை மிதித்தேன். கோயில் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, அரிவாளோடு மீசை வைத்த முனி, காலடியில் பாதி எரிந்த சுருட்டு. பூசாரி தேங்காய் வெட்டப் போயிருந்தார். அவர் வீட்டுக்காரம்மா, என் வயதுதான் இருக்கும், கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மல்லிகா அடுப்பிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்து, பாட்டிலைப் பார்த்து, அப்படியே நின்றுவிட்டாள்.

நான் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கட்டி, ஆபரேஷன், உன் நேர்த்தி, நீ போனது, சைக்கிள், நான் குடித்தது. அவள் துடைப்பத்தைக் கீழே போடாமலேயே கேட்டாள்.

"இதுக்கா இப்படி அழுவுற? அவருக்குத் தண்ணி வேணும்னா கடலே பக்கத்துல கெடக்கு. நீ மொதல்ல நெழலுக்கு வாலா."

அது எனக்குப் போதவில்லை. அழுதது தண்ணீருக்காகவா? இல்லையே. ஒரு வருஷமாக யாரிடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, உண்மையச் சொல்லுங்க. எனக்குப் பதிலா என் தம்பிய இவருதான் எடுத்துக்கிட்டாரா?"

அந்த அம்மா முனியைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டில் இருக்கிற மாமனாரைப் பார்ப்பதுபோல, கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் சலிப்பு.

"இவரு சுருட்டு கேப்பாரு. சாராயம் கேப்பாரு. வருஷத்துக்கு ஒரு கோழி கேப்பாரு, அதுவும் சேவலாத்தான் வேணும்பாரு. ஆளக் கேட்டதில்லம்மா. எங்க மாமனாரு காலத்துலருந்து பாக்குறோம், ஒருத்தரக் கேட்டதில்ல."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குக் கூட்ட ஆரம்பித்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எனக்குச் சாமி வாயே திறக்கவில்லை, பூசாரி பெண்டாட்டி கொடுத்துவிட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது குமரா. நீ போன பிறகு வந்த முதல் நல்ல சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் மல்லிகா கரண்டியோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். தோள் குலுங்குகிறது.

"அண்ணி, நானும் அப்படித்தான் நெனச்சேன். அந்த அத்தை சொன்னதுலருந்து. ஒங்களுக்குச் சோறு போடும்போதெல்லாம் நெனச்சேன். அவரு போயிட்டாரு, இவங்க இருக்காங்களேன்னு. என்னைத் திட்டுங்க அண்ணி."

திட்டுவதா? ஒரே நினைப்பை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். பொங்கல் அடிப்பிடித்துப் போனது. அந்த அம்மாதான் வந்து இறக்கி வைத்து, தீய்ந்ததை நீக்கி, முனிக்குக் கொஞ்சம் படைத்துவிட்டு எங்களுக்குப் போட்டாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன்.

ஆனால் நீ நேர்ந்தது இன்னும் நிற்கிறது இல்லையா? முனியின் கால் இன்னும் நனையவில்லை. ஏதாவது மிச்சம் இருந்தால் நம் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராதே! வேனில் திரும்பி வரும்போது, ரிங்லெட் தாண்டிக் குளிர் அடிக்க ஆரம்பித்ததும், மல்லிகா திடீரென்று சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் கொண்டுபோறேன். ஒங்கள நம்பித் தண்ணி குடுக்க முடியாது."

அவளுக்குச் சைக்கிளே தெரியாது என்பது உனக்குத் தெரியும். மோட்டார் பைக்கில் உன் பின்னால் உட்காரவே கண்ணை மூடிக்கொள்கிறவள். இப்போது தினமும் சாயங்காலம் தொழிற்சாலைத் திடலில் இருக்கிறோம். அவள் முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. கடைசி லயத்து அத்தை வாசலில் நின்று பார்க்கிறாள், இதில் மெல்ல இன்னும் அவளுக்கு அவல் கிடைக்கவில்லை. நேற்று பாதித் திடல்வரை போனாள் உன் பெண்டாட்டி. நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வயிற்றுத் தழும்பு இழுத்தது, இழுக்கட்டும்.

அவளும் உன்னை மாதிரியேதான் கத்துகிறாள் குமரா. "அண்ணி, விட்டுறாதீங்க."

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருஷம் வெள்ளிக்கிழமையில் அந்தக் கடலோர ரோட்டுக்குப் போகமாட்டோம். குடிக்க ஆளுக்கு இரண்டு பாட்டில், முனிக்குத் தனியாக ஒன்று. இனி உன் சாவை என் ஆயுசில் சேர்த்து எண்ணமாட்டேன். நீ ஒருவன் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனது போதும். மல்லிகா தானாக ஓட்டிப் போகிற அன்று, அவளிடம் சொல்லிவிட்டுத்தான் கையை எடுப்பேன்.

சீட்டைப் பிடித்துக்கொண்டு இன்னும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா சிவகாமி